மாப்பிள்ளைக்கு முதல் மூச்சு

துணிக்கடையில் வாங்கிய சேலை பிடிக்கவில்லை என்றால் மறுநாளே வந்து சண்டை போடுவார்கள். எங்கள் கடைச் சாமான் சரியில்லை என்றால் சண்டை போட ஆளே வராது. ஈப்போவில் தண்ணீர்ப் பம்பு, இரும்புக் கயிறு, வெல்டிங் சாமான் என்று பலதும் விற்ற ஒரு கடையில், முக்குளிப்பவர்கள் வாயில் கடித்துக்கொண்டு இறங்கும் ரெகுலேட்டர் பகுதிக்கு நான்தான் பொறுப்பு. எழுபதுகளின் நடுவில் சேர்ந்தேன். சிலிண்டருக்குள் அமுக்கி அடைத்த காற்றை, மனுஷன் இழுக்கிற அளவுக்கு மட்டும் இளக்கிக் கொடுப்பதுதான் அந்தக் கருவியின் வேலை. விற்பதும், கழற்றிக் கழுவி மாட்டிக் கொடுப்பதும் என் வேலை.

கடலே இல்லாத ஈப்போவில் என்ன முக்குளிப்பு என்று கேட்பீர்கள். ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் ஈயக்குட்டைதானே. ஈயம் தோண்டி விட்டுப் போன பள்ளங்களில் தண்ணீர் நிறைந்து, பம்பும் இஞ்சினும் லாரியும் உள்ளே கிடந்தன. ஈயம் தோண்டும் கப்பல் முழுசாகவே மூழ்கிக் கிடந்த குட்டையும் உண்டு. அதையெல்லாம் கட்டித் தூக்குகிறவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்தவர்கள், எல்லாவற்றையும் எடுத்துப் போடச் சொல்லிவிட்டு “சும்மா பாக்கத்தான் வந்தேன்” என்கிறவர்களைப் பார்த்துச் சிரித்து வைத்தவர்கள், என் பாட்டைப் புரிந்துகொள்வார்கள்.

வாய் வைத்த சாமான்

ரெகுலேட்டர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஒரே வழிதான் உண்டு. சிலிண்டரில் மாட்டி, வாயில் வைத்து இழுத்துப் பார்க்க வேண்டும். இழுக்கும்போது நெஞ்சு கஷ்டப்படக் கூடாது, விடும்போது கன்னம் உப்பக் கூடாது. சேர்ந்த புதிதில் எனக்கு ஆர்வக்கோளாறு. சிலிம் ரிவரிலிருந்து வந்த ஒரு குத்தகைக்காரருக்கு முன்னால் நானே வாயில் வைத்து, ஜம்மென்று இழுத்துக் காட்டி, எப்படி என்று நிமிர்ந்து பார்த்தேன். மனுஷர் முகம் சுருங்கிவிட்டது.

கொதித்த தண்ணீரில் கழுவித் தருகிறேன் என்றேன். மருந்து போட்டுத் துடைத்துத் தருகிறேன் என்றேன். கடைசியில் அந்த ரப்பர் வாயையே கழற்றிவிட்டுப் புதுசு மாட்டினேன். அவர் அசையவில்லை. எங்கள் தவுக்கே, அதாவது முதலாளி, ஒரு சீனர். சுங்கை சிப்புட்டில் வளர்ந்தவர் என்பதால் அவருக்குத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. முதலாளியே வந்து சமாதானம் சொல்லியும் வேலைக்கு ஆகவில்லை. நம்மவர்களுக்கு எச்சில் என்றால் எச்சில்தான், அதற்கு மேல் பேச்சு கிடையாது. குத்தகைக்காரர் குடையை எடுத்துக்கொண்டு நல்ல மரியாதையாகத்தான் சொல்லிவிட்டுப் போனார்: “மெஷின் நல்லாத்தான் இருக்கு. நீங்க வாய வச்சிட்டீங்க, இனிமே அது உங்களோடதுலா.”

மேலே உட்கார்ந்திருக்கிற ரெகுலேட்டர்

ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து மீன்பிடிப் படகுக்காரர் ஒருவர் வருவார். படகு விசிறியில் சுற்றிக்கொண்ட வலையை அறுக்க இறங்குகிறவர். ரெகுலேட்டர் வேண்டாம், சிலிண்டர் வேண்டாம். படகில் ஒரு காற்று மெஷின் ஓடும், அதிலிருந்து ஒரு நீளக் குழாய் வரும், குழாய் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்கிவிடுவார்.  மெஷின் நின்றுபோனால், குழாய் மடங்கினால் என்ன செய்வீர்கள் என்று ஒவ்வொரு தடவையும் கேட்பேன். நல்ல ரெகுலேட்டர் எது, அதை எப்படிப் பார்த்து வாங்குவது என்று பாடமே நடத்துவேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, குழாய்க்கு இரண்டு கிளிப் மட்டும் வாங்கிக்கொண்டு போவார்.

ஒருநாள் மனைவியையும் கூட்டி வந்திருந்தார். ஒல்லியான அம்மா. கடைக்குள் ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரெசர் லேசாகத் திணறியதும் சட்டென்று திரும்பிப் பார்த்தார். எங்களுக்கெல்லாம் அந்தச் சத்தம் காதிலேயே விழவில்லை. படகுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார்: “நான் நம்புற ரெகுலேட்டர் மேல படகுல உக்காந்திருக்குக்கா. மெஷின் இருமுனாலே எந்திரிச்சிக் கத்திப்புடுவா.”

பிஸ்கட் டின்னில் வந்த குட்டை

மாரிமுத்தண்ணனை நான் முதலில் பார்த்தது ஒரு பிஸ்கட் டின்னோடு. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றதும் ஈயக்குட்டைக்குப் பம்பு பார்க்கப் போனார். பம்பு தண்ணீருக்குள் விழுந்ததும் அதன் பின்னாலேயே இறங்கிவிட்டார் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கூட வந்தவன் சேகர், அவருடைய ஒரே மகள் தேவகியைக் கட்டிய மாப்பிள்ளை. இருவரும் சேர்ந்து இறங்குவார்கள். தேவகி கரையில் உட்கார்ந்து இரண்டு பேரின் கயிற்றையும் பிடித்திருப்பாள், வலது கையில் அப்பா, இடது கையில் புருஷன். மூன்று தடவை இழுத்தால் தூக்கு என்று அர்த்தம்.

ரெகுலேட்டரில் அப்போது இரண்டு வகை வந்துகொண்டிருந்தது. ஒன்றில் பிஸ்டன் மேலும் கீழும் ஆடும், அதன் ஸ்பிரிங் வரைக்கும் தண்ணீர் உள்ளே போய் வரும். பாகம் குறைவு, கெட்டுப்போக அதில் அதிகம் கிடையாது. லுமுட்டிலிருந்து வரும் கடல் ஆட்கள் அதைத்தான் கேட்பார்கள். இன்னொன்றில் ஒரு ரப்பர் தகடு குறுக்கே நின்று தண்ணீரை வெளியிலேயே நிறுத்திவிடும். எது நல்லது என்று மாரிமுத்தண்ணன் கேட்டார். கம்பெனிக்காரன் கொடுத்த புத்தகத்தில் கடலைப் பற்றி எழுதியிருந்தது. பால் விட்ட தேத்தண்ணி மாதிரி இருக்கும் ஈயக்குட்டையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். அவர் டின்னைத் திறந்தார். உள்ளே குட்டைச் சேறு, வெள்ளை வெளேரென்று.

இரண்டு வகையையும் அதில் முக்கி எடுத்து, கடை முன்னால் அஞ்சடி நடைபாதையில் வெயிலில் காயவைத்து, மறுபடி முக்கி, மறுபடி காயவைத்தார். தவுக்கே பழைய ஊர்ப் பழக்கத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். பசியாறப் போன நான் திரும்பி வந்தபோது கடை வாசல் முழுக்கச் சேறு. பிறகு ஒவ்வொன்றாகச் சிலிண்டரில் மாட்டி, தன் வீட்டிலிருந்து கொண்டு வந்த ரப்பர் வாயைப் பொருத்தி, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். பிஸ்டன் வகை முனகியது. ரப்பர் தகடு வைத்தது எதுவுமே நடக்காதது போல் காற்றுக் கொடுத்தது. அதில் இரண்டு எடுத்துக்கொண்டார், ஒன்று தனக்கு, ஒன்று மாப்பிள்ளைக்கு. அந்த நாளிலிருந்து ஈயக்குட்டைக்காரர்கள் யார் கேட்டாலும் நான் அதைத்தான் எடுத்துக் கொடுத்தேன். தவுக்கே மட்டும் துடைப்பத்தைத் தேடிக்கொண்டே என்னிடம் கேட்டார்: “ஏ சரசு, இவன் ரெகுலேட்டர் வாங்க வந்தானா, மீன்கொழம்பு வைக்க வந்தானா?”

இரண்டாவது வாய்

ஒரு ரெகுலேட்டரில் இரண்டு குழாய் போட்டு, இரண்டு வாய் வைத்து வருவது அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. ஒன்று நமக்கு, இன்னொன்று கூட வருகிறவனுக்குக் காற்று தீர்ந்தால் கொடுக்க. அது இல்லாவிட்டால் ஒரே வாயை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும். நான் இரண்டு இழுப்பு, நீ இரண்டு இழுப்பு. அந்த இரண்டாவது வாயை மாரிமுத்தண்ணனின் தலையில் கட்டிவிட நான் படாத பாடு பட்டேன். கீழே கட்டையும் ஆணியுமாகக் கிடக்கிறது, வால் மாதிரி ஒன்று தொங்கினால் மாட்டிக்கொள்ளும் என்றார். அதிலும் நியாயம் இருந்தது. சரி, மாற்றி மாற்றி இழுப்பதையாவது கரையில் உட்கார்ந்து பழகிக்கொள்ளுங்கள் என்றேன். மாமனாரும் மருமகனும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள்.

அந்த இரண்டு பேரையும் பார்த்தவர்களுக்குத்தான் அது புரியும். மாமனார் நிற்கும்போது சேகர் உட்கார மாட்டான். மாப்பிள்ளை குடிக்காமல் மாமனார் குடிக்க மாட்டார். தவுக்கே பக்கத்துக் கோப்பிக்கடையிலிருந்து கோப்பி வரவழைத்தால், கிளாஸ் யார் பக்கம் வந்தாலும் மாரிமுத்தண்ணன் அதைப் புறங்கையால் சேகர் பக்கம் தள்ளுவார். சேகர் கூச்சத்தோடு திருப்பித் தள்ளுவான். மறுபடி அந்தப் புறங்கை வரும். “நீங்க குடிங்க மாப்ள.” சேகர் ஒரு வாய் குடித்த பிறகுதான் அவர் தன் கிளாஸைத் தொடுவார். கோப்பி ஆறிப்போகும் வரைக்கும் இந்தக் கூத்து நடக்கும். தேவகி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவாள். நானும் அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அன்றும் அப்படித்தான் சிரித்தோம். நான் விடாமல், சும்மா ஒரு தடவை செய்து காட்டுங்கள் என்று ரெகுலேட்டரை நீட்டியபோது மாரிமுத்தண்ணன் எழுந்தே விட்டார்: “மாப்ள வாயில உள்ளதப் புடுங்கி நான் வைக்கிறதா? சும்மா இரும்மா, கேக்கவே நல்லால்லலா.”

கும்பிட்டவர்கள்

சில நாள் பம்புக்காகவோ இஞ்சினுக்காகவோ இல்லாமல் அவர்களைக் கூப்பிடுவார்கள். ஈயக்குட்டைக் கரை ஈரத்தில் இடிந்து விழும். ஒரு தடவை, தட்டில் மணலை அலசி ஈயம் எடுக்கும் ஒரு பெண் கரையோடு சேர்ந்து உள்ளே போய்விட்டாள். போலீஸ்காரர்கள் வந்து மாரிமுத்தண்ணனையும் சேகரையும் கூட்டிப் போனார்கள். கண் தெரியாத தண்ணீரில் இரண்டு பேரும் கையால் தடவித் தடவித் தேடி, சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

மறுநாள் ரெகுலேட்டரைக் கழுவக் கொண்டு வந்தபோது சேகர் கடைக்குள் வரவில்லை, லாரியிலேயே உட்கார்ந்திருந்தான். மாரிமுத்தண்ணன்தான் கவுண்டரில் வைத்தார். நன்றாகக் கழுவச் சொன்னார். நான் ரப்பர் தகட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவராகவே பேச ஆரம்பித்தார். அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர்கள் கரையிலேயே அவர் காலில் விழுந்தார்களாம். அதைச் சொல்லிவிட்டு லாரிப் பக்கம் திரும்பினார்: “உசுரோட தூக்கியாந்திருந்தா, ஏன்டா லேட்டுன்னு நாலு வார்த்த திட்டியிருப்பாங்க. பொணமா தூக்கியாந்தேன், கும்புடுறாங்க.”

இறங்கியிருந்த கம்பி

எண்பதுகளில் ஈயக்குட்டைகள் ஒவ்வொன்றாக மூட ஆரம்பித்ததும் இவர்களுக்கு வேலை கூடியது. விட்டுவிட்டுப் போனதையெல்லாம் இரும்பு விலைக்கு எடுக்க ஆட்கள் அலைந்தார்கள். ஒரு தடவை வேலை, மூழ்கிக் கிடந்த ஒரு கப்பலின் இஞ்சின் அறைக்குள். அங்கிருந்து நேராக மேலே வர முடியாது. கதவு வழியாக வெளியே வந்து, அப்புறம்தான் ஏற வேண்டும். அந்தக் காலத்துச் சிலிண்டர்களில் எவ்வளவு காற்று மிச்சம் என்று காட்டும் முள்ளை எல்லோரும் மாட்டுவதில்லை. பக்கத்தில் ஒரு கம்பி தொங்கும். மூச்சு இறுக ஆரம்பித்தால் அந்தக் கம்பியைக் கீழே இழுக்க வேண்டும், மேலே வந்து சேர்வதற்கென்று ஒதுக்கி வைத்த காற்று திறக்கும்.

நடந்ததைச் சேகர் எனக்குச் சொன்னது கருமாதி முடிந்த பிறகு. மூச்சு இறுகியதும் கம்பியைத் தேடியிருக்கிறான். கம்பி ஏற்கெனவே கீழே இறங்கியிருந்தது. கதவுக்குள் நுழையும்போது ஏதோ ஒரு கட்டை அதை மாட்டி இழுத்திருக்க வேண்டும். ஒதுக்கி வைத்த காற்றையும் சேர்த்து அவன் தெரியாமலே இழுத்து முடித்திருந்தான். இருட்டில் கையை நீட்டி மாமனார் தோளைத் தட்டினான். அவர் ஒரு நொடி தாமதிக்கவில்லை. தன் வாயில் இருந்ததை எடுத்து அவன் வாயில் வைத்தார். எச்சிலும் பார்க்கவில்லை, ஒன்றும் பார்க்கவில்லை. குழாயின் ஒரு முனை மாமனார் முதுகில், மறுமுனை மருமகன் வாயில். இருவரும் ஒட்டிக்கொண்டுதான் நகர முடியும்.

சேகர் தண்ணீரையும் காற்றையும் சேர்த்து இழுத்து, இருமி, மறுபடி இழுத்தான். பிறகு எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். ஒரு புறங்கை அதை அவன் பக்கமே தள்ளியது. தானே ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு கதவுப் பக்கம் நகர்ந்தான், மறுபடி நீட்டினான். மறுபடி அதே புறங்கை. அடுத்த தடவை நீட்டியபோது தள்ளுவதற்குக் கை வரவில்லை. அவரைக் கட்டிப் பிடித்துக் கதவுக்கு வெளியே இழுத்துக்கொண்டு வந்து, தன் கயிற்றை மூன்று தடவை இழுத்தான். மேலே தேவகி இழுத்தது புருஷன் கயிற்றை. கூடவே அப்பாவும் வந்தார். இதை என்னிடம் சொல்லும்போது சேகர் அழவில்லை, தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்: “அவரு தள்ளுனப்ப எனக்கு அந்தக் கோப்பி கிளாஸ்தான்கா ஞாபகம் வந்துச்சு. எப்பவும் போலதான்னு நானே இழுத்துட்டேன்.”

முள்

போலீஸ்காரர்கள் சாமான்களைத் திருப்பிக் கொடுத்ததும் தேவகி அப்பாவுடைய சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒரு சாக்கில் கட்டிக் கடைக்கு எடுத்து வந்தாள். நெற்றியில் விபூதி. என்னைப் பார்த்துக் கண் சிமிட்டிச் சிரித்த பெண்ணா இவள்! ரெகுலேட்டர் கெட்டுப் போயிருந்ததா என்று பார்த்துச் சொல்லச் சொன்னாள். நான் கழற்றினேன். ரப்பர் தகடு புதுசு போல இருந்தது. மூச்சு வெளியே போகும் வழியில் ஒரு மணல் கூட இல்லை. தான் விற்ற சாமானில் ஏதாவது ஒரு கோளாறு கண்ணில் படாதா என்று வேண்டிக்கொண்ட ஒரே கடைக்காரி உலகத்திலேயே நானாகத்தான் இருப்பேன். கோளாறு இருந்திருந்தால் அந்தப் பெண் திட்டுவதற்கு ஒரு கம்பெனியாவது கிடைத்திருக்கும்.

பிறகு அவள் இன்னொன்று கேட்டாள். அந்தச் சிலிண்டரில் இரண்டு பேருக்கும் காற்று இருந்ததா? நான் தவுக்கேயைப் பார்த்தேன். அவர் பார்க்க வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். தேவகி நகர்வதாக இல்லை. சிலிண்டரைக் கரையில் வைத்து மூடிய பிறகு யாரும் திறக்கவில்லை. தவுக்கேதான் முள் மாட்டி, மெதுவாகத் திறந்தார். முள் எழுந்தது. கொஞ்சம் எழுந்து நின்றுவிடும் என்று நினைத்தேன், நிற்கவில்லை. பாதி வரைக்கும் போய் நின்றது. இரண்டு பேர் மாற்றி மாற்றி இழுத்து, மேலே வந்து, கரையில் உட்கார்ந்து கோப்பி குடிக்கிற அளவுக்குக் காற்று மிச்சம் இருந்தது.

 தவுக்கே மூடிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு மாரிமுத்தண்ணன் மேல் கோபம் கோபமாக வந்தது, செத்தவர் என்றுகூடப் பார்க்காமல் அவரை நாலு கேள்வி கேட்க வேண்டும் போல் இருந்தது. பழக்கத்தில் தள்ளினாரா, மகளுடைய தாலியை நினைத்துத் தள்ளினாரா, அந்த இருட்டில் என்ன நினைத்தார் என்று இனி யாருக்குத் தெரியும்? தேவகி சாக்கைத் திரும்பக் கட்டினாள். முடிச்சுப் போட்டுக்கொண்டே, பக்கத்து வீட்டு விஷயம் பேசுவது போலச் சொன்னாள்: “தண்ணிக்குள்ளயும் மாப்ளய ஒபசரிச்சிட்டாருக்கா எங்கப்பா.”

தள்ளின கை

சேகர் கொஞ்ச காலம் லாரி ஓட்டினான். வீட்டில் தேவகி கோப்பி கிளாஸை நீட்டினால் வாங்க மாட்டானாம். மேசையில் வைத்தால்தான் எடுப்பானாம். அவள் ஒரு தடவை பாசாரில் என்னைப் பார்த்தபோது இதைச் சொன்னாள். அப்பாவும் போய், இருக்கிற மனுஷனும் இப்படி ஆகிவிட்டானே என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் லாரிக் கம்பெனியையும் மூடினார்கள். தேவகிக்கு ஒரு தம்பி முறைப் பையன், சித்தப்பா மகன், கணேசன் என்று பெயர், கல்யாணம் ஆனவன். ஈயக்குட்டை வேலை போய் அவனும் வீட்டில் இருந்தான். இரண்டு பேரும் பழையபடி இறங்கப் போவதாகச் சொன்னார்கள். தேவகி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஈப்போவுக்குப் போலாம் என்று இருவரையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு நேராக என் கடைக்கு வந்துவிட்டாள்.

அன்று கடையில் நல்ல கூட்டம். தேவகி வந்ததும் இரண்டாவது வாய் வைத்த ரெகுலேட்டரை எடுக்கச் சொன்னாள். தொங்குகிற குழாயை மார்போடு சேர்த்துக் கட்ட ஒரு ரப்பர் பட்டையும் கேட்டாள். எல்லாம் எடுத்து வைத்தேன். போதுமா என்றேன். போதாது என்றாள். அந்த இரண்டாவது வாயும் கெட்டுப்போகும் என்று வைத்துக்கொள்வோம், அப்போது என்ன செய்வார்கள்? எனக்கு முன்னால் செய்து காட்டட்டும், அப்புறம்தான் கயிற்றைப் பிடிப்பேன் என்றாள். சிலிண்டரில் மாட்டிக் கொடுத்தேன். பம்பும் கயிறும் வாங்க வந்தவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். இரண்டு ஆம்பிளைகளும் வெட்கத்தில் நெளிந்தார்கள்.

சேகர் இரண்டு இழுப்பு இழுத்துக் கணேசனிடம் கொடுத்தான். கணேசன் வாங்கியதும் கை தானாகப் போய்ச் சட்டையில் ஒரு துடை துடைத்தது. தேவகி முதலிலிருந்து செய்யச் சொன்னாள். இரண்டாம் தடவை துடைக்காமல் வாயில் வைத்தான். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுச் சேகருக்கு நீட்டினான். சேகர் வயசில் பெரியவன், மச்சான் முறை. அவன் கை எழுந்தது. புறங்கைதான். நீ இன்னும் கொஞ்சம் இழு என்கிற மாதிரி அதைக் கணேசன் பக்கமே தள்ளியது.  மாரிமுத்தண்ணனே அங்கே வந்து நின்றது போல் இருந்தது. தன் கை என்ன செய்தது என்று சேகருக்கும் அப்போதுதான் தெரிந்தது, அப்படியே நின்றுவிட்டான்.

தேவகி எட்டிப் போய் அந்தக் கையின் மணிக்கட்டைப் பிடித்தாள். கடைக்குள் அத்தனை பேர் முன்னால் புருஷன் கையைப் பிடித்து, விரலைப் பிரித்து, கணேசனிடமிருந்து ரெகுலேட்டரை வாங்கி அந்தக் கையில் வைத்து மூடினாள். சேகருக்குக் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அவளுக்கும்தான். ஆனால் குரல் மட்டும் தெளிவாக வந்தது: “வாங்குங்க. எங்கப்பா தள்ளுனது போதும்.”

ரொம்ப வருஷம் மூச்சு வியாபாரம் பார்த்தவள் என்ற முறையில் இன்றும் யாராவது நம்பிக்கையான ரெகுலேட்டர் எது என்று கேட்டால், எதை வேண்டுமானாலும் வாங்குங்கள், ஆனால் ஒருத்தர் எச்சிலை ஒருத்தர் வாயில் வைத்துக்கொள்கிற வெட்கத்தை மட்டும் கரையிலேயே பட்டு முடித்துவிட்டு இறங்குங்கள் என்றுதான் சொல்கிறேன், கேட்டவர்கள் வழக்கம் போல இரண்டு கிளிப் மட்டும் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.